பேரின்பம் சொன்ன பதினொரு சொற்கள்

மட்டக்களப்புக்கு நான் போனது மூன்று பேரின் பேச்சைப் பதிவு செய்துகொண்டு வருவதற்காக. மூவரும் முந்தைய வருடம் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வந்தபோது எங்கள் ஆய்வில் சேர்ந்தவர்கள். மூளைப் படங்களை அப்போதே எடுத்துவிட்டோம். ஒரு வருடம் கழித்து அவர்கள் பேச்சு எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். “அவங்களை இங்கே வரச்சொல்ல வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க. ரெக்கார்டர் கைப்பையில அடங்கிடும்” என்றார் துறைத்தலைவர். நான் பேச்சு சிகிச்சையாளர். ஊர் திருநெல்வேலிப் பக்கம், வேலை சென்னையில். கடல் தாண்டுவது அதுவே முதல் தடவை. இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

ஆய்வு என்னவென்று சொல்லாவிட்டால் பிறகு நடந்தது விளங்காது. மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் சிலருக்குப் பேச்சு கலைந்துபோகும். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் தொடர்பு அறுந்துவிடும். யாருக்கும் புரியாத புதுச் சொற்கள் வரும். அவர்களுடைய மூளை மொழியைக் கையாளும்போது என்ன செய்கிறது என்பதுதான் எங்கள் கேள்வி. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்கவைத்து, கண்ணுக்கு மேலே கண்ணாடியில் சொற்களைக் காட்டுவோம். ‘கத்தி’ என்று வந்தால் ‘வெட்டு’ என்று மனதுக்குள் நினைக்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. திறந்தால் தலை அசையும், படம் கெட்டுவிடும். மூளையில் எந்த இடம் உழைக்கிறதோ அங்கே இரத்த ஓட்டம் கூடுகிறது. கருவி அதைப் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலானவர்களுக்கு மொழி வேலை இடது பக்கம்தான் அதிகம் நடக்கும். இந்த நோயில் அந்த இட வல வித்தியாசம் குறைகிறதா, பேச்சு அதிகம் கலைந்தவர்களிடம் இன்னும் குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

பேச்சு எவ்வளவு கலைந்திருக்கிறது என்பதைக் கருவி சொல்லாது. ஒருவர் காதால் கேட்டு மதிப்பெண் போட வேண்டும். அந்த ஒருவர் நான். ‘ஒரு நாளில் என்னென்ன செய்வீர்கள், சொல்லுங்கள்’ என்று கேட்டுப் பதிவு செய்து, எழுத்தில் எடுத்து, அறுந்த இடங்களையும் புரியாத சொற்களையும் சிவப்பில் வட்டமிடுவேன். இன்னொரு சிகிச்சையாளர் என் தாளைப் பார்க்காமல் அதையே செய்வார். அவர் மதுரைக்காரர். இருவர் மதிப்பெண்ணும் ஒத்துப்போனால் அது நம்பத்தக்கது என்று எடுத்துக்கொள்வோம்.

மட்டக்களப்பில் இறங்கிய காலையில் மழை விட்டிருந்தது. தங்கிய வீட்டின் பின்புறம் வாவி. கடல் மாதிரி அலை இல்லை, குளம் மாதிரி அடக்கமும் இல்லை; ஒரு தோணி போனால் அதன் கோடு வெகுநேரம் அழியாமல் கிடந்தது. வீட்டுக்கார அம்மா குழாய்ப் பிட்டும் மீன் குழம்பும் வைத்து, “தின்னுங்க மிஸ், ஆறிப்போகும்” என்றார். எங்கள் பக்கம் மாட்டைத்தான் தின்னச் சொல்வோம். ஒரு கணம் முகம் சுருங்கியிருக்க வேண்டும். பிறகு மண்சட்டித் தயிரும், அதன் மேல் ஊற்றிக்கொள்ளப் பாணி என்கிற பாகும் வந்தன. தயிரைக் கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. அந்தத் ‘தின்னுங்க’ வெறும் அன்புதான் என்று இரண்டாவது கரண்டியில் தெரிந்துவிட்டது. நோட்டில் வேடிக்கையாகக் குறித்து வைத்தேன். குறித்ததோடு சரி. அதிலிருந்து மேற்கொண்டு எதையும் யோசிக்கவில்லை.

மூவரில் ஒருவர் கத்தாருக்கு வேலைக்குப் போய்விட்டார் என்று அன்று மாலை தெரிந்தது. இரண்டாமவர் களுவாஞ்சிக்குடியில் பள்ளி ஆசிரியை. மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். பாடம் நடத்துகிறவர் ஆனதால் எனக்காக எழுத்துத் தமிழில், நிறுத்தி நிறுத்திப் பேசினார். அரை மணியில் வேலை முடிந்தது. ஒரு வட்டம்கூடப் போடத் தேவையிருக்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. இவ்வளவு சுலபமாக முடிகிறதே என்று சந்தோஷமாக இருந்தது.

மூன்றாமவர் பேரின்பம். நாற்பதை நெருங்கும் விவசாயி. கரடியனாற்றுக்குப் பக்கத்தில், அக்கா யோகேஸ்வரியோடு இருக்கிறார். சுவிஸில் இருக்கும் அண்ணன் ஏற்பாடு செய்து அக்காவும் தம்பியும் சென்னைக்கு வந்திருந்தார்கள். எங்கள் ஆய்வில் மிக மோசமான பேச்சு மதிப்பெண் பேரின்பத்துக்குத்தான். பதினொரு சொற்களை வட்டமிட்டிருந்தேன். வேடிக்கை என்னவென்றால் அவருடைய மூளைப் படம் நாங்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக இருந்தது. இடது பக்கம் தெளிவாக, பலமாக ஒளிர்ந்தது. இவரைக் கணக்கில் வைத்துக்கொள்வதா, விதிவிலக்கு என்று நீக்குவதா என்று இரண்டு கூட்டங்களில் விவாதித்தோம். மதிப்பெண் தவறாக இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் எனக்குத் துணையாக வந்தவர் றிஸ்வி. ஏறாவூர்க்காரர், ஐம்பது வயதிருக்கும். மனநலக் கிளினிக்கில் சமூகசேவை உத்தியோகத்தர். கிளினிக்கின் வாகனம் பழுது என்பதால் பஸ்ஸில் போனோம். செங்கலடிச் சந்தியில் இறங்கி, பணிஸ் என்கிற பன்னும் பால் கலக்காத பிளேன்டீயும் வாங்கிக்கொண்டு, பதுளை வீதியில் போகிற பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. சூரியன் எழுகிற கரை, படுகிற கரை. “இனி நாம படுவான்கரைக்குப் போறம் மிஸ். இங்கால பஸ்ஸுக்கு நேரம் எண்டு ஒண்டும் இல்ல, வந்தாத்தான் வந்த” என்றார் றிஸ்வி.

வந்த பஸ்ஸும் பாதி வழியில் நின்றது. அடியிலிருந்து ஒரு சத்தம், பிறகு புகை. ஓட்டுநர் இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். எல்லோரும் இறங்கினோம். இருபுறமும் அறுவடையான வயல். ஒரு மரம் கிடையாது. சென்னையாக இருந்தால் இந்நேரம் கண்டக்டரைச் சூழ்ந்திருப்பார்கள். இங்கே யாரும் குரல் உயர்த்தவில்லை. இரண்டு பெண்கள் சோற்றுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள்.

“எங்ககா போறாய்?”

“வட்டைக்குத்தான். வெள்ளாப்பில போன மனிசன் இன்னும் வரல்ல. சோத்தக் குடுத்திட்டு, மறுகா வந்துதான் மத்த வேல.”

நான் திரும்பிப் பார்த்தேன். எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. அதற்குள் அந்தப் பெண் என்னைக் கவனித்துவிட்டு, “வெயிலுக்க நிக்காதீங்க மிஸ். அந்தா வாடி. வாடிக்க போய் இரிங்க” என்று வயலுக்குள் கை காட்டினார்.

வரப்புக்கு அப்பால் கம்பு நட்டு ஓலை வேய்ந்த ஒரு காவல் குடிசை நின்றது.

“அதுக்குப் பேர் வாடியா?” என்று றிஸ்வியிடம் கேட்டேன்.

“ஓம். வயல்காவலுக்குப் போடுறது வாடி. ஆன வரும், பண்டி வரும். மீன்காரரும் கரையில போடுவாங்க. உங்கட ஊர்ல என்ன சொல்ற?”

எங்கள் ஊரில் ‘வாடி’ என்றால் ஒரு பெண்ணை வா என்று கூப்பிடுவது. பேரின்பத்தின் தாளில் அந்தச் சொல்லை இரண்டு தடவை வட்டமிட்டு, ஓரத்தில் நான் எழுதியிருந்தது எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவுக்கு வந்தது: ‘எதிரில் இல்லாத பெண்ணை அழைக்கிறார்.’

வாடிக்குள் போய் உட்கார்ந்தேன். பையிலிருந்து தாளை எடுத்தேன். அதில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். றிஸ்வியிடம் வாசித்துக் காட்டினேன். “வெள்ளாப்பில எழும்புவன். வட்டைக்குப் போவன். வட்டைக்க வாடி. வாடிக்க நான். மறுகா வரம்பால கிறுகி வருவன். களவெட்டியில பெருவாயன் நிறையும். அதுக்கு வேற பேர் சொல்ல ஒண்ணா.”

றிஸ்வி முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை. “சரிதானே. இதில என்ன?” என்றார்.

ஒவ்வொன்றாகக் கேட்டேன். அந்தப் பெண்ணும் சோற்றுப் பாத்திரத்தோடு வந்து நின்றுகொண்டார். வெள்ளாப்பு, விடிகாலை. வட்டை, வயல்வெளி. மறுகா, பிறகு. கிறுகி, திரும்பி. களவெட்டி, நெல்லைப் போரடிக்கிற களம். பெருவாயன் மட்டும் றிஸ்விக்குச் சட்டென்று வரவில்லை. அந்தப் பெண்தான் சொன்னார். சூடடிக்கிற களத்தில் சில சாமான்களை வழக்கமான பெயரால் குறிப்பிடக் கூடாதாம். வாய் அகன்ற பெரிய கூடையை அங்கே பெருவாயன் என்றுதான் சொல்ல வேண்டும். “இப்ப மிசின் வந்திட்டு, ஆரு அதெல்லாம் சொல்ற. ஆனா எங்கட அப்பா சொல்லுவார்” என்றார். நான் ‘ஒன்றாக’ என்று புரிந்துகொண்டு, வாக்கியம் அறுந்துவிட்டது என்று குறித்திருந்த ‘ஒண்ணா’வுக்கு ‘கூடாது, முடியாது’ என்று பொருள். வேறு பெயர் சொல்லக் கூடாது என்று அவர் எனக்குத் தெளிவாக விளக்கியிருந்திருக்கிறார்.

பதினொன்றில் எட்டுச் சொற்கள் அந்தக் குடிசையிலேயே தீர்ந்துபோயின.

திருநெல்வேலியிலிருந்து வந்த புதிதில் சென்னை விடுதியில் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு வருடத்தில் அதை மாற்றிக்கொண்டேன். அப்படிப்பட்டவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். மதுரைக்காரரும் அதே சொற்களை வட்டமிட்டிருந்தார். இருவருக்கும் ஒரே சொற்கள் தெரியாது என்பதைத்தான் நாங்கள் ஒத்துப்போனதாக எழுதிக்கொண்டோம்.

“றிஸ்வி சார், நாங்க இவரைப் பத்தி ஒரு கடிதம் அனுப்பியிருந்தோம்.”

“ஓம், இங்கிலீஸ்ல. டொக்டருக்கு வந்த. ‘பேச்சு கடுமையாகக் கலைஞ்சிரிக்கி, சொந்தமாச் சொல் உண்டாக்கிறார்’ எண்டு இருந்த. என்ன சொல் எண்டு அதில இல்லயே. இருந்திருந்தா நான் சொல்லியிருப்பன்.”

“அதுக்கப்புறம் என்ன ஆச்சு?”

அவர் வெளியே பஸ்ஸைப் பார்த்தார். “மருந்தக் கூட்டின. நீங்களே வந்து பாருங்க.”

வேறொரு பஸ் வந்து, நின்றுகொண்டே போய், ஒரு மண்பாதையில் நடந்து அவர்கள் வீட்டை அடைந்தபோது பகல் இரண்டு மணி. யோகேஸ்வரிக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். கணவர் இல்லை. தம்பியும் வயலும்தான். என்னைப் பார்த்ததும் நாற்காலி போட்டு, இளநீர் வெட்டித் தந்தார். “அவனுக்கு நல்ல விருப்பம் நீங்க வாறது. காலையிலயே முழுகிட்டு இருந்தான்.”

பேரின்பம் முற்றத்தில் இருந்து வந்தார். சென்னையில் நான் பார்த்தவர் வேகமாக நடப்பவர். கை கால் ஆட்டிப் பேசுவார். இப்போது காலைத் தேய்த்துத் தேய்த்து வந்தார். கைகள் நடுங்கின. உடம்பு போட்டிருந்தது. வாய் ஓரத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தார். ரெக்கார்டரை வைத்து, வழக்கமான கேள்வியைக் கேட்டேன். ஒரு நாளில் என்னென்ன செய்வீர்கள்?

நெடுநேரம் கழித்து, “காலையில் எழும்புவேன். சாப்பிடுவேன். தூங்குவேன்” என்றார்.

அது அவர் தமிழ் அல்ல. தொலைக்காட்சித் தமிழ். அவர் அக்காவைப் பார்த்தார். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற பார்வை.

ரெக்கார்டரை அணைத்தேன். சொல்லத்தான் வேண்டும். எப்படித் தொடங்கினேன் என்பது நினைவில்லை. போன வருடம் நான் போட்ட மதிப்பெண் தவறு, அவர் பேசியது உங்கள் ஊர்ப் பேச்சு, எனக்குத்தான் புரியவில்லை, புரியாததை நோய் என்று எழுதிவிட்டேன் என்று சொன்னேன். யோகேஸ்வரி இளநீர்க் கோம்பையைக் கையில் வைத்தபடி நின்றார்.

“அப்ப அவன் கதைச்சது சரியா?”

“பெரும்பாலும் சரிதான் அக்கா.”

“அந்தக் கடிதம் வந்ததுக்குப் பிறகு, ‘நீ கதைக்கிறது ஆருக்கும் விளங்குதில்லயாம், ஆக்களுக்கு முன்னால வாயத் திறக்காத’ எண்டு நான்தான் சொன்னன். கதைக்கிறதெண்டா டீவியில கதைக்கிற மாதிரிக் கதை எண்டு சொன்னன். ஒரு வருசமாச் சொல்லிட்டு இரிக்கன்.” குரல் உயரவில்லை. “படிச்ச ஆக்கள், மெசினெல்லாம் வெச்சிரிக்கிற ஆக்கள் எண்டு நினைச்சன்.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் அடுப்படிக்குள் போய்விட்டார். பாத்திரங்கள் இடம் மாறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் பழைய தாளை எடுத்து, பேரின்பத்துக்கே வாசித்துக் காட்டத் தொடங்கினேன். “வெள்ளாப்பில எழும்புவன்…”

“வெள்ளாப்பில” என்றார் அவர். நான் உச்சரித்தது பிடிக்கவில்லை. திரும்பச் சொன்னேன். தலையாட்டினார். அடுத்த வரி. அடுத்தது. களவெட்டிக்கு வந்தபோது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே பேச ஆரம்பித்தார். மெதுவாக, நாக்கு தடித்து, இடையில் நின்று நின்று. ஆனால் நூல் அறுபடவில்லை. மழைக்கு முன் கதிர்க்கட்டுகளைக் குவித்துச் சூடு வைப்பது, ஆனை வந்தால் வாடிக்குள் இருந்து தகரம் அடிப்பது, ஒரு வருடமாக வேறு ஒருவர் தன் வாடியில் காவல் இருப்பது. “நான் போனா நித்திர கொண்டிருவன் மிஸ். ஆன வந்து நெல்லத் திண்டாலும் எழும்ப ஒண்ணா.” சிரித்தார். அடுப்படியில் சத்தம் நின்றிருந்தது.

யோகேஸ்வரி வாசலில் வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மிச்சம் மூன்று சொற்களை நான் சொன்னபோது அவரே இரண்டைத் தீர்த்துவைத்தார். ஒன்று அவர்கள் வாய்க்காலில் ஒரு மடையின் பெயர். இன்னொன்று பக்கத்து வீட்டு நாயின் பெயர். நாய் அப்போது முற்றத்தில்தான் படுத்திருந்தது. கூப்பிட்டதும் காதைத் தூக்கியது.

கடைசியாக இருந்தது ‘காதுக்குடி’. அக்காவுக்கும் தெரியவில்லை, றிஸ்விக்கும் தெரியவில்லை.

“அப்பிடி ஒரு ஊர் இல்லயே” என்றார் றிஸ்வி.

பேரின்பம் கொஞ்சம் தயங்கினார். “களுவாஞ்சிக்குடி இரிக்கி. காத்தான்குடி இரிக்கி. இது காதுக்குடி. எனக்குள்ள கதைக்கிற ஆக்கள் குடியிரிக்கிற இடம். முந்தி ஊர் நிறைய ஆக்கள். இப்ப நாலஞ்சு பேர்தான், அதுவும் மெல்லமாத்தான்.” அக்காவைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். “இதையும் அழிக்கப் போறீங்களா?”

“இல்லை. இந்த ஒரு வட்டம் இருக்கட்டும். இது நீங்க உண்டாக்கின சொல்.”

“ஓம். அது நான்தான்” என்றார்.

ஆய்வில் சேர்ந்தவர்களுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த மூளைப் படத்தின் பிரதியைக் கொடுத்தேன். சாம்பல் நிறத்தில் மடிப்பு மடிப்பாக. இடது பக்கம் ஆரஞ்சுத் தீற்றல். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்தத் தீற்றல் என்ன என்று கேட்டார். கண்ணாடியில் சொல் வந்தபோது நீங்கள் பதில் சொல்லை நினைத்தீர்களே, அப்போது உழைத்த இடம் என்றேன். காதுக்குடி எங்கே என்றார். அது இந்தப் படத்தில் தெரியாது என்றேன். ஒருவருக்கு நோய் இருக்கிறதா, அவர் என்ன நினைக்கிறார் என்பதெல்லாம் இதில் தெரியாது. பலருடைய படங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஏதாவது விளங்குமா என்றுதான் தேடுகிறோம்.

“நான் நினைச்ச சொல்லுக்கு மாக்ஸ் போட்டீங்களா?”

அது கேட்காது, நீங்கள் உள்ளுக்குள் என்ன சொல் நினைத்தீர்கள் என்று எங்களுக்குத் தெரியவே தெரியாது என்றேன். அவருக்கு அது திருப்தியாக இருந்த மாதிரி தெரிந்தது. படத்தை மடிக்காமல் ஒரு கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்தார்.

நான்காம் நாள் கிளினிக். நால்வரும் போனோம். டாக்டர் தெற்கே காலி நகரப் பக்கத்துச் சிங்களப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கலாம். வெளியே பெஞ்சுகளில் ஐம்பது பேராவது காத்திருந்தார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஆங்கிலத்தில் பேசினார். “தமிழ் எனக்கு இரண்டாவது மொழி. இவர் பேச்சில் பாதி எனக்குப் புரியாது. அது என் குறை என்றுதான் முதலில் நினைத்தேன். உங்கள் கடிதம் வந்ததும், தமிழர்களுக்கே புரியவில்லையாம், அப்படியானால் நோய்தான் என்று முடிவு செய்தேன். மருந்தைக் கூட்டியது நான்தான்.”

இவருக்கு நோயே இல்லை என்கிறீர்களா என்று பிறகு கேட்டார். இல்லை, நோய் இருக்கிறது, குரல்கள் இருக்கின்றன. பேச்சு மட்டும் நாங்கள் எழுதிய அளவு கலையவில்லை என்றேன். அந்த மேசையிலேயே புதுக் கடிதம் எழுதினேன். என் தவறு என்று எழுதினேன். றிஸ்வி இன்னொரு தாளில் சொற்களையும் பொருளையும் வரிசையாக எழுதிக் கொடுத்தார். டாக்டர் ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். வட்டையை ‘வட்டே’ என்றார். பேரின்பம் திருத்தினார். மறுபடி சொன்னார். சரி என்றார் பேரின்பம்.

மருந்தைக் குறைக்கலாம், ஆனால் ஒரேயடியாக அல்ல, படிப்படியாக என்றார் டாக்டர். தூக்கம் கெடுகிறதா, தனியே பேசுகிறாரா, பயப்படுகிறாரா என்று அக்கா பார்த்துக்கொள்ள வேண்டும்.

யோகேஸ்வரி உடனே ஒத்துக்கொள்ளவில்லை. “நீங்க ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுக்கிறீங்க. நாலு வருசத்துக்கு முந்தி இவன் வீட்டுக் கதவெல்லாத்தையும் கழட்டி வாய்க்காலுக்க போட்டவன். கதவு ஒட்டுக் கேக்குது எண்டு. அந்த நேரம் ஆரும் இல்ல, நான்தான். குறைச்சா மறுகா அது வந்தா?”

வராது என்று டாக்டர் சொல்லவில்லை. வந்தால் அன்றே கூட்டிவாருங்கள், வரிசையில் நிற்க வேண்டாம் என்று தன் எண்ணை எழுதிக் கொடுத்தார். யோகேஸ்வரி தம்பியைக் கேட்டார். “உனக்கு என்ன வேணும்?”

“கை நடுங்காம இருக்கணும் அக்கா. வாடிக்குப் போகணும்.”

“அப்ப குறைங்க” என்றார் அக்கா, டாக்டரைப் பார்த்து.

என்னிடம் அவர் பேசவில்லை. கிளினிக் வாசலில் பஸ் ஏறும்போது மட்டும், “சாப்பிட்டுட்டுப் போங்க, பயணம் தூரம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். பேரின்பம் ஜன்னலிலிருந்து கை காட்டினார். அடுத்த படத்துக்குச் சென்னைக்கு வருவீர்களா என்று முன்பே கேட்டிருந்தேன். “படத்துக்கு வரமாட்டன் மிஸ், அந்தச் சத்தம் ஒண்ணா. கதை கேக்கிறதெண்டா நீங்க வாங்க” என்றிருந்தார்.

சென்னை திரும்பியதும் துறைத்தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மட்டக்களப்பில் ஒருவரை அமர்த்தி மறுமதிப்பீடு செய்தால் பேரின்பம் ‘கடுமையாகக் கலைந்த’ பிரிவிலிருந்து வெளியே வந்துவிடுவார். அது ஒரு சிறிய பிரிவு. அவர் இல்லாமல் கணக்குப் போட்டால், ஆய்விதழுக்கு நாங்கள் அனுப்பியிருந்த கட்டுரையின் முடிவே ஆட்டம் காணலாம். மூளைப் படத்தின் இட வல வித்தியாசத்தில் முன்பு விதிவிலக்காக இருந்தவர் இப்போது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தார், ஆனால் மற்றவர்களின் மதிப்பெண்களை எதை நம்பி வைத்துக்கொள்வது? துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில், “அனுப்பின கட்டுரையைத் திரும்ப வாங்கிடுங்க” என்றார். என் மேல் கோபம் இருந்தது. இருக்கட்டும். மதுரைக்காரர் தன் தாள்களை எடுத்துக்கொண்டு என் மேசைக்கே வந்து உட்கார்ந்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. யோகேஸ்வரி.

“றிஸ்வித் தம்பிக்கிட்ட நம்பர் வாங்கின” என்றார். மருந்து பாதியாகக் குறைந்திருக்கிறது. நடுவில் ஒரு வாரம் மிக மோசமாம். தூங்கவில்லை, கதவைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தானாம். டாக்டர் கொஞ்சம் கூட்டிக் கொடுத்து நிறுத்தியிருக்கிறார். இப்போது கை நடுக்கம் அவ்வளவு இல்லை. விதைப்புக்கு வட்டைக்குப் போய்த் தண்ணீர் பார்க்கிறான். இரவுக் காவலுக்கு இன்னும் விடவில்லை. “கதைக்கிறான்தான். நிறுத்துறானில்ல. பஸ்ஸுக்குள்ளயும் கதைக்கிறான்.”

“உங்களுக்கு என் மேல கோபம் இருக்கும் அக்கா.”

“இரிக்கி” என்றார். “நான் அதுக்கு எடுக்கல்ல. ஒண்டு கேக்கணும். என்ட தம்பி மாதிரி, நீங்க வட்டம் போட்ட ஆக்கள் வேற ஆரும் அங்க இரிக்காங்களா?”

இருக்கிறார்கள் என்றேன். நீலகிரியில் தேயிலை பறிக்கும் ஒரு பெண். கன்னியாகுமரி மலையோரத்து ரப்பர் தோட்டத்துக்காரர் ஒருவர். தருமபுரியிலிருந்து ஒரு கிழவர்.

“அவங்களையும் கேட்டிட்டீங்களா?”

“கேட்டுக்கிட்டு இருக்கேன் அக்கா” என்றேன். ஹெட்போனைக் கழற்றி அப்போதுதான் மேசையில் வைத்திருந்தேன். எதிரே திரையில் அந்த நீலகிரிப் பெண்ணின் வாக்கியம் பாதியில் நின்றுகொண்டிருந்தது.